அமீர் குஸ்ரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்தாரைக் கண்டுபிடித்தவர், கவ்வாலி என்னும் இஸ்லாமியப் பக்தி இசையின் தந்தை, இந்தியின் முதல் கவிஞர், ஏழு சுல்தான்களைக் கண்டவர் என்று அமீர் குஸ்ருவைப் பற்றிக் காதில் விழும் செய்திகள் ஏராளம். அவற்றுள் அவரே தம் கைப்பட எழுதி வைத்தவை எவை, பின்னால் வந்தவர்கள் அன்பின் மிகுதியால் அவர்மேல் ஏற்றிச் சொன்னவை எவை என்று கூடியவரை பிரித்துக் காட்டும் நோக்கில் இந்தக் கேள்விகளும் பதில்களும் தொகுக்கப்பட்டுள்ளன.

அமீர் குஸ்ரு யார்? எந்தக் காலத்தவர்?

1253-இல் பிறந்து 1325-இல் மறைந்தவர். பாரசீக மொழியில் எழுதிய பெருங்கவிஞர்; டெல்லி சுல்தான்களின் அவையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர்; சிஷ்தி என்னும் சூஃபி (இஸ்லாமிய ஞானநெறி) மரபைச் சேர்ந்த நிஜாமுதீன் அவுலியாவின் அணுக்கச் சீடர். அவருடைய இயற்பெயர் அபுல் ஹசன் யமீனுத்தீன். பிறந்த ஊர் பட்டியாலி. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் இருக்கிறது. பெயர் ஒற்றுமையால் இதைப் பஞ்சாபின் பாட்டியாலா என்று எழுதிவிடுபவர்கள் இன்றும் உண்டு. 'குஸ்ரு' என்பது பாடல்களில் அவர் வைத்துக்கொண்ட முத்திரைப் பெயர். 'அமீர்' என்பது சுல்தான் ஜலாலுதீன் கில்ஜி அளித்த பட்டம். குர்ஆன் பிரதியைக் காக்கும் பொறுப்பையும் அவரே குஸ்ருவுக்குக் கொடுத்தார்.

அவர் துருக்கியரா, இந்தியரா?

தந்தை சைபுதீன் மஹ்மூத், லாச்சீன் என்னும் துருக்கியக் குலத்தவர். மங்கோலியப் படையெடுப்புகளால் மத்திய ஆசியா சிதறியபோது அங்கிருந்து வந்து டெல்லியில் அடைக்கலம் புகுந்தவர்களுள் ஒருவர். தாய் இந்த மண்ணைச் சேர்ந்தவர். டெல்லி சுல்தான் பால்பன் ஆட்சியில் படைத்துறையின் உயர்பதவியில் இருந்த இமாதுல் முல்க்கின் மகள். குஸ்ருவுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போதே தந்தை இறந்துவிட, டெல்லியில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில்தான் அவர் வளர்ந்தார். ஆகவே அவருடைய காதில் முதலில் விழுந்தது தாய்வீட்டுப் பேச்சு; இந்தவி என்னும் அக்கால டெல்லிப் பேச்சுமொழி. 'நான் இந்துஸ்தானத்துத் துருக்கியன். இந்தவியில் விடை சொல்வேன். அரபு பேசுவதற்கு என்னிடம் எகிப்துச் சர்க்கரை இல்லை' என்று ஒரு பாட்டில் அவரே சொல்லியிருக்கும்போது, இந்தக் கேள்வியை இரண்டில் ஒன்றாகக் கேட்பதே பொருந்தாது.

மங்கோலியரிடம் அவர் சிறைப்பட்டது உண்மையா?

உண்மை. அதை அவரே எழுதியிருக்கிறார். இளமையில் பால்பனின் உறவினர் மாலிக் சஜ்ஜுவிடமும், பிறகு பால்பனின் மகன் புக்ரா கானிடமும் இருந்த குஸ்ரு, புக்ரா கானுடன் வங்காளம் வரை சென்று திரும்பினார். அதன்பின் பால்பனின் மூத்த மகனான இளவரசர் முகம்மது அவரை மூல்தானுக்கு அழைத்துச் சென்றார். நண்பரும் கவிஞருமான ஹசன் சிஜ்ஸியும் உடன் இருந்தார். ஐந்து ஆண்டுகள் இலக்கியமும் இசையும் நிறைந்திருந்த அந்த அவை, 1285-இல் மங்கோலியருடன் நடந்த போரில் ஒரே நாளில் கலைந்துபோயிற்று. இளவரசர் களத்தில் வீழ்ந்தார். குஸ்ரு பிடிபட்டார்.

அதன்பின் நடந்ததைக் கவிஞர் வாயாலேயே கேட்க வேண்டும். குதிரைமேல் இருந்த மங்கோலியன் அவரைக் கால்நடையாக ஓட்டிச் சென்றான். சுமையைத் தலையில் ஏற்றினான். வெயிலில் பாதங்கள் கொப்புளித்து நாவு வறண்டு போன நிலையில் வழியில் ஓர் ஓடை எதிர்ப்பட்டது. அவனும் குதிரையும் ஆசைதீரக் குடித்து அங்கேயே உயிரை விட்டார்கள். குஸ்ரு உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு எழுந்து தப்பினார். தாகத்திலும் அளவு தவறாத அந்த மனிதரைப் பின்னாளில் அரசவையிலும் காண்கிறோம். இறந்த இளவரசருக்காக அவர் எழுதிய இரங்கற்பாவை டெல்லி மக்கள் தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்து அழுதபடி மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி.

எத்தனை சுல்தான்களிடம் பணியாற்றினார்? எல்லாரையும் புகழ்ந்தவரை எப்படி மதிப்பது?

ஏழு என்பது வழக்கமான கணக்கு. குழந்தை அரசர்களையும் சில மாதங்களே அரியணையில் இருந்தவர்களையும் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். முக்கியமானவர்கள் கைகுபாத், ஜலாலுதீன் கில்ஜி, அலாவுதீன் கில்ஜி, முபாரக் ஷா, கியாசுதீன் துக்ளக் ஆகியோர். முகம்மது பின் துக்ளக் பட்டமேறிய ஆண்டிலேயே குஸ்ரு காலமானார்.

இரண்டாவது கேள்வி எளிதன்று. 1291-இல் ஜலாலுதீனின் வெற்றிகளைப் பாடியவர் குஸ்ரு. 1296-இல் அந்த முதியவரை அவருடைய மருமகனும் அண்ணன் மகனுமான அலாவுதீன் கங்கைக் கரையிலுள்ள கராவில் வஞ்சகமாகக் கொன்று அரியணை ஏறியபோது, புதிய சுல்தானை வாழ்த்திப் பாடியவரும் அவரே. அக்காலத்தில் புகழ்ப்பா என்பது சம்பளத்துக்குச் செய்யும் தொழில். அதைப் பாடாத கவிஞனுக்குச் சோறில்லை. நம் புறநானூற்றுப் புலவர்களும் பரிசில் பெற்றுத்தான் வாழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் ஒரு மன்னனைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போகலாம். குஸ்ருவுக்கு டெல்லியை விட்டால் வேறு டெல்லி கிடையாது. தம் நிலையை அவரும் உணராமல் இல்லை. தன்னைப் போன்ற ஒரு மனிதன் முன்னால் காலை முதல் மாலை வரை நிற்பதையும், உள்ளங்காலிலிருந்து உச்சிவரை இரத்தம் கொதித்தால்தான் பிழைப்பு நடக்கிறது என்பதையும் கசப்போடு அவர் பாடியிருக்கிறார். இதைச் சொல்வது அவரைக் குற்றமற்றவராக்குவதற்காக அன்று. அவரும் அதை அறிந்தே செய்தார் என்று காட்டுவதற்காகத்தான்.

நிஜாமுதீன் அவுலியாவுக்கும் அவருக்கும் இருந்த உறவு எத்தகையது?

குஸ்ரு பகலில் அரண்மனையிலும் இரவில் குருவின் கான்கா என்னும் சூஃபி மடத்திலும் வாழ்ந்தார் என்று சுருக்கமாகச் சொல்லலாம். நிஜாமுதீன் அரசர்களை அண்டாதவர். சுல்தான் தம்மைக் காண வருவதாகச் சொன்னபோது, 'என் வீட்டுக்கு இரண்டு வாசல்கள்; ஒன்றில் சுல்தான் நுழைந்தால் மற்றதில் நான் வெளியேறுவேன்' என்று சொன்னதாக அவர் பேரில் ஒரு கூற்று வழங்குகிறது. அப்படிப்பட்டவரின் மிக நெருங்கிய சீடர் அரசரின் சம்பளக்காரராக இருந்தார் என்பதே இந்த உறவின் சுவை.

ஜலாலுதீன் ஒருமுறை முன்னறிவிப்பின்றிக் குருவைக் காணத் திட்டமிட்டு, அதைக் குஸ்ருவிடம் மட்டும் சொன்னாராம். குஸ்ரு நேரே போய்க் குருவிடம் சொல்லிவிட்டார். குரு அன்றே ஊரை விட்டுப் புறப்பட்டார். சுல்தான் கோபத்தோடு கேட்டபோது, 'அரசரை ஏமாற்றினால் உயிருக்குத்தான் ஆபத்து; குருவை ஏமாற்றினால் ஈமானுக்கே (இறைநம்பிக்கைக்கே) ஆபத்து' என்று குஸ்ரு பதில் சொன்னார். நிஜாமுதீனின் வட்டத்தில் வளர்ந்த மீர் குர்து எழுதிய வரலாற்று நூலில் இந்தக் கதை இடம்பெறுகிறது. குரு அவரைத் 'துருக்குல்லா', அதாவது இறைவனின் துருக்கியன், என்று செல்லமாக அழைத்தார்.

குருவின் செருப்புக்காகத் தம் சொத்து முழுவதையும் குஸ்ரு கொடுத்த கதை இன்னும் புகழ் பெற்றது. ஏழை ஒருவனுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லாமல் குரு தம் செருப்பைக் கொடுத்தனுப்பினார். வழியில் அவனைச் சந்தித்த குஸ்ரு, 'உன்னிடமிருந்து என் குருவின் மணம் வருகிறதே' என்று கேட்டு, ஒட்டகங்களில் ஏற்றி வந்த செல்வத்தையெல்லாம் கொடுத்து அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். வரலாற்றில் வைத்து அளக்கத் தக்க கதை அன்று இது; கவ்வாலி மேடையில் பாடத் தக்கது.

அவர் எழுதிய நூல்கள் எவை?

தொண்ணூற்றொன்பது நூல்கள் என்பது மரபு. இன்று கிடைப்பவை இருபதை ஒட்டியே இருக்கும். வாழ்வின் பருவங்களுக்கேற்ப ஐந்து கவிதைத் தொகுதிகளை அவரே அடுக்கி வைத்தார். பத்தொன்பது வயதுக்குள் எழுதியவற்றின் தொகுதிக்கு 'இளமையின் காணிக்கை' என்ற பொருளில் பெயர். கடைசித் தொகுதிக்கு 'நிறைவின் எல்லை'. தம் கவிதைகளைத் தாமே காலவரிசைப்படுத்தி, முன்னுரையில் வாழ்க்கைக் குறிப்பும் எழுதிச் சேர்த்த இடைக்காலக் கவிஞர்கள் மிகச் சிலர்.

பாரசீக மகாகவி நிஜாமி கஞ்சவியின் ஐந்து காவியங்களுக்கு எதிர்ப்பாட்டாகக் குஸ்ருவும் ஐந்து காவியங்களை 1298-க்கும் 1302-க்கும் இடையே எழுதி முடித்தார். அவற்றுள் ஒன்றான மஜ்னூன் லைலா கதையின் நடுவே, அந்நாளில் அடுத்தடுத்து இறந்துபோன தம் தாய்க்கும் தம்பிக்கும் ஒரு புலம்பலை வைத்திருக்கிறார். காவிய மரபில் இடமில்லாத இந்தப் புலம்பல்தான் அந்நூலில் மனத்தைத் தொடும் பகுதி என்பது இதை எழுதுபவரின் கருத்து.

இவை தவிர, தம் காலத்து நிகழ்ச்சிகளையே காவியமாக்கியது அவருடைய தனித்தன்மை. தந்தை புக்ரா கானும் மகன் கைகுபாதும் படைகளோடு சரயு நதியின் இரு கரைகளிலும் எதிரெதிரே நின்று, பிறகு போரில்லாமல் தழுவிக்கொண்டதை 1289-இல் ஒரு காவியமாக்கினார். அலாவுதீனின் மகன் கிஸ்ர் கானும் குஜராத் இளவரசி தேவல் ராணியும் கொண்ட காதலை 1316-இல் பாடினார். கிஸ்ர் கான் கண் பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட பின் அந்த முடிவையும் நூலில் சேர்த்தார். 1318-இல் எழுதிய 'ஒன்பது வானங்கள்' என்னும் பொருளுடைய 'நூ சிபிஹர்' ஒன்பது பகுதிகளையும் ஒன்பது வெவ்வேறு சந்தங்களில் கொண்டது. கியாசுதீன் துக்ளக்கின் எழுச்சியைப் பாடும் 'துக்ளக் நாமா' கடைசிக் காவியம்.

இலங்கையோடு அவருக்குத் தொடர்பு உண்டு என்கிறார்களே?

அவர் இலங்கையைப் பார்த்ததில்லை. அவருடைய கதையொன்று இலங்கையின் பழம்பெயரைத் தாங்கிக்கொண்டு உலகம் சுற்றி வந்தது. ஐந்து காவியங்களுள் கடைசியான 'ஹஷ்த் பிஹிஷ்த்' என்னும் 'எட்டுச் சொர்க்கங்கள்' நூலில், மன்னன் பஹ்ராமுக்கு ஏழு மாளிகைகளில் ஏழு இளவரசிகள் கதை சொல்கிறார்கள். முதல் கதை சரந்தீப் நாட்டு இளவரசர் மூவரைப் பற்றியது. சரந்தீப் என்பது அரபுப் பாரசீக வணிகர்கள் இலங்கைக்கு வழங்கிய பெயர்.

வழியில் ஒட்டகத்தைத் தொலைத்த ஒருவன் அம்மூவரையும் விசாரிக்கிறான். 'அதற்கு ஒரு கண் குருடா? ஒரு பல் இல்லையா? ஒரு கால் நொண்டியா?' என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். ஒரு பக்கம் எண்ணெயும் மறுபக்கம் தேனும் ஏற்றியிருந்தது, மேலே ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தாள் என்றும் சொல்கிறார்கள். ஒட்டகத்தைப் பார்க்கவேயில்லை என்று வேறு சொன்னால் யார் நம்புவார்கள்? திருட்டுப் பட்டம் கட்டிச் சிறையில் தள்ளுகிறார்கள். பிறகு விளக்கம் வருகிறது: பாதையின் ஒரே பக்கத்துத் தழைகள் மட்டும் மேயப்பட்டிருந்தன, மென்ற தழையில் ஒரு பல்லின் அளவுக்குத் துணுக்குகள் விழுந்து கிடந்தன, மணலில் ஒரு கால் இழுபட்ட தடம் இருந்தது, வழியின் ஒரு புறம் எறும்பும் மறுபுறம் ஈயும் மொய்த்தன. இந்தக் கதை 1557-இல் வெனிஸ் நகரில் இத்தாலிய நூலாக அச்சேறியது. அந்த மரபில் வந்த பதிப்பொன்றைப் படித்திருந்த ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர், தேடாமலே நல்லது கைகூடுவதைக் குறிக்க 1754-இல் 'செரன்டிபிட்டி' என்ற சொல்லை உருவாக்கினார்.

இந்தி, உருது மொழிகளின் முதல் கவிஞர் அவர்தானா?

இந்தவியில் அவர் எழுதினார் என்பதில் ஐயமில்லை. மூன்றாம் தொகுதியின் முன்னுரையில், இந்தவிப் பாடல்கள் சிலவற்றை எழுதி நண்பர்களிடம் கொடுத்துவிட்டதாக அவரே குறிப்பிடுகிறார். 'நான் இந்தியாவின் கிளி; இனிய பேச்சு வேண்டுமானால் இந்தவியில் கேள்' என்ற அடியும் அவருடையதே. ஆனால் அந்தப் பாடல்களைத் தம் தொகுதிகளில் அவர் சேர்க்கவில்லை. நண்பர்கள் வீட்டு ஏட்டோடு அவை போய்விட்டன. இன்று அவர் பெயரில் வழங்கும் இந்தவிப் பாடல்களின் ஏடுகள் எல்லாம் நூற்றாண்டுகள் பிந்தியவை. வாய்மொழியாக வந்தபோது மொழியும் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. ஒரு பாதி பாரசீகமும் மறுபாதி இந்தவியுமாக மாறி மாறி வரும் புகழ்பெற்ற 'ஜிஹாலே மிஸ்கீன்' கஜலுக்கும் இதே சிக்கல் உண்டு.

குழந்தைகளுக்குப் பாரசீகச் சொற்களைக் கற்பிக்கும் 'காலிக் பாரீ' என்ற நிகண்டை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேறொரு குஸ்ரு எழுதினார் என்று அறிஞர் மஹ்மூத் ஷீரானி வாதிட்டார். ஆகவே 'முதல் கவிஞர்' என்ற பட்டத்தை ஆவணம் கொண்டு நிறுவ முடியாது. இந்தவியைத் தயக்கமின்றிக் கொண்டாடிய முதல் பெரும் பாரசீகக் கவிஞர் என்று சொல்லலாம்.

அவருடைய விடுகதைகளுக்கு எடுத்துக்காட்டு உண்டா?

அவர் பெயரில் வழங்குபவை என்ற எச்சரிக்கையோடு இரண்டு மூன்று தரலாம். 'தட்டு நிறைய முத்து. எல்லார் தலைமேலும் கவிழ்த்து வைத்திருக்கிறது. சுற்றிச் சுற்றி வந்தாலும் ஒன்றும் உதிர்வதில்லை.' விடை வானம். நம் பாட்டிமார் சொல்லும் விடுகதைகளோடு வைத்தால் வேற்றுமை தெரியாது.

'முக்ரி' என்ற வகையில் ஒரு பெண் தோழியிடம் தன் காதலனைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டே போய்க் கடைசியில் மாற்றிவிடுவாள். 'அவன் வந்தால்தான் கல்யாணமே நடக்கும், அவனைப் போல இன்னொருவன் இல்லை, அவன் பேச்சு இனிக்கும்' என்றெல்லாம் சொல்வாள். 'யாரடி, உன் மணாளனா?' என்று தோழி கேட்டால், 'இல்லையடி, மேளம்!' என்பாள். இன்னொரு வகையில் இரண்டு மூன்று கேள்விகளுக்கு ஒரே சொல் விடையாக வரும். ரொட்டி ஏன் கருகியது, குதிரை ஏன் அடம்பிடித்தது, வெற்றிலை ஏன் அழுகியது? மூன்றுக்கும் விடை 'திருப்பவில்லை' என்ற பொருள்தரும் ஒரே இந்தவித் தொடர். ரொட்டியைத் திருப்பிப் போடவில்லை. குதிரையை வட்டத்தில் திருப்பிப் பழக்கவில்லை. வெற்றிலையை அடுக்கு மாற்றித் திருப்பவில்லை.

சித்தாரையும் தபேலாவையும் அவர்தான் உருவாக்கினாரா?

இல்லை. தம் காலத்து வாத்தியங்களைக் குஸ்ரு பல இடங்களில் பெயர் சொல்லி வருணிக்கிறார். சங் என்னும் யாழ்வகை, ரபாப், தம்பூர், டஃப், நாய் என்னும் குழல் எல்லாம் வருகின்றன. சித்தாரும் தபேலாவும் வருவதில்லை. அவை இரண்டும் 18ஆம் நூற்றாண்டு டெல்லியில்தான் தெளிவாகத் தென்படுகின்றன. அக்காலத்தில் அதே நகரில் குஸ்ரு கான் என்றொரு இசைக்கலைஞர் இருந்தார். பெயர் ஒற்றுமையால் அவருடைய வேலை நானூறு ஆண்டு பின்னால் போய் அமீர் குஸ்ருவின் கணக்கில் ஏறிவிட்டது என்பது இசை வரலாற்றாளர் பலரின் முடிவு. பக்கவாஜை இரண்டாக வெட்டித் தபேலா செய்தார் என்னும் கதையை நம்புவதற்கு முன், அந்த மத்தளத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் போதும்.

அப்படியானால் அவருக்கு இசை தெரியுமா?

நன்றாகத் தெரியும், அதற்கு அவர் எழுத்தே சாட்சி. ஒரு சிறு கவிதையில் பாடகன் ஒருவன் அவரிடம் வந்து, 'பாட்டை ஏட்டில் எழுதிவிடலாம், இசையை எழுத முடியாது. ஆகவே இசையே உயர்ந்தது' என்று வாதாடுகிறான். 'இரண்டிலும் நான் தேர்ந்தவன், இரண்டையும் எடைபோட்டிருக்கிறேன்' என்று தொடங்கும் குஸ்ரு, 'கவிதை மணப்பெண், இசை அவளுக்கு அணிகலன். அழகிய மணப்பெண்ணுக்கு நகை இல்லாவிட்டாலும் குறையில்லை' என்று முடிக்கிறார். கவிஞர் பக்கம் சாய்ந்த தீர்ப்புத்தான்.

இந்திய இசையை அவர் புகழும் இடம் 'நூ சிபிஹரில்' இருக்கிறது. அது உள்ளத்தையும் உயிரையும் எரிக்கும் நெருப்பு என்றும், வேற்று நாட்டார் முப்பது நாற்பது ஆண்டுகள் இங்கேயே இருந்து பயின்றாலும் பிழையின்றி வாசிக்க வராது என்றும், காட்டு மானும் அந்த இசையில் மயங்கி அசையாமல் நின்று வேடன் கையில் சாகும் என்றும் எழுதுகிறார். தரானா என்ற பாட்டு வகையையும் சில ராகங்களையும் அவர் படைத்ததாக இந்துஸ்தானிக் கலைஞர்கள் மரியாதையோடு காதைத் தொட்டுக்கொண்டே சொல்வார்கள். குருமரபின் நம்பிக்கையாக அதை மதிக்கலாம். தென்னாட்டுப் பாடகர் கோபால் நாயக்கோடு அவர் போட்டியிட்டு வென்ற கதையும் பிற்கால நூல்களில் வருவதே.

கவ்வாலிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

சூஃபிகள் கூடி இசை கேட்கும் 'சமா' அவருக்கு முன்பே இருந்தது. அது மார்க்கத்துக்கு உகந்ததா என்ற சர்ச்சையும் கூடவே இருந்தது. கியாசுதீன் துக்ளக் காலத்தில் உலமாக்கள் என்னும் மார்க்க அறிஞர்கள் கூடிய அவையில் நிஜாமுதீனே நேரில் வந்து விடையளிக்க நேர்ந்தது. அந்தச் சமாவுக்குப் பாட்டும் முறையும் கொடுத்தவர் குஸ்ரு என்பது டெல்லி கவ்வால்களின் உறுதியான மரபு. 'கவ்வால் பச்சே' என்ற பாடகர் குடும்பங்கள் தங்கள் வழியை அவர் பயிற்றிய இளைஞர்களிடமிருந்து தொடங்குகின்றன. நபிமொழியொன்றை அடியாகக் கொண்ட 'கவுல்' என்ற உருப்படியிலிருந்துதான் கவ்வாலி என்ற பெயரே வந்தது. டெல்லி, லாகூர், கராச்சி எங்கும் மரபான மேடைகளில் கவுலும், குருவைக் கண்ட மகிழ்ச்சியைப் பாடும் 'ரங்'கும் குஸ்ருவின் பெயராலேயே பாடப்படுகின்றன. ஆர்மோனியம் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தது.

தர்காவில் வசந்த விழா கொண்டாடுவது ஏன்?

சகோதரியின் பேரனான தக்கியுதீன் நூஹ் இறந்த துக்கத்தில் நிஜாமுதீன் பேச்சின்றி இருந்தார். வசந்த பஞ்சமியன்று பெண்கள் மஞ்சள் உடுத்திக் கடுகுப்பூ ஏந்திப் பாடிச் செல்வதைக் குஸ்ரு கண்டார். தாமும் மஞ்சள் உடுத்திப் பூவோடு போய்ப் பாடினார். குரு சிரித்தார். இந்த மரபுக் கதையை நினைவுகூர்ந்து இன்றும் அந்நாளில் தர்காவில் கவ்வால்கள் மஞ்சள் துணி அணிந்து கடுகுப்பூவோடு பாடி வருகிறார்கள்.

தமிழகத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கிறாரா?

எழுதியிருக்கிறார், தமிழ் வாசகருக்கு இதுவே அவருடைய சங்கடமான பக்கம். அலாவுதீனின் வெற்றிகளைப் பற்றிய 'கசாயினுல் புதூஹ்' என்னும் உரைநடை நூலில், 1311-இல் அலாவுதீனின் தளபதி மாலிக் காபூர் ஹொய்சளர் தலைநகரான துவாரசமுத்திரத்திலிருந்து மாபாருக்கு, அதாவது சோழமண்டலக் கரையும் பாண்டிய நாடும் அடங்கிய பகுதிக்கு, படைநடத்திய செய்தி வருகிறது. அப்போது சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காகத் தம்முள் மோதிக்கொண்டிருந்தார்கள். காபூரின் படை வீர பாண்டியனை ஊர் ஊராகத் துரத்தியது, இடையில் கொட்டிய மழை, 'பிரமஸ்த்புரி' என்ற ஊரின் பொற்கோயிலைப் பெயர்த்தது, மதுரை வெறிச்சோடிக் கிடந்தது, அங்கிருந்த கோயிலுக்குத் தீவைத்தது எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. பிரமஸ்த்புரி சிதம்பரமே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். வேறு இடம் என்போரும் உண்டு. பாண்டியன் படையில் முஸ்லிம் வீரர்கள் இருந்ததையும், கலிமா என்னும் இஸ்லாமிய உறுதிமொழியைச் சொல்லத் தெரிந்ததால் அவர்கள் உயிர் தப்பியதையும் அவரே குறிப்பிடுகிறார்.

இந்தப் படையெடுப்பில் குஸ்ரு உடன் வரவில்லை. டெல்லியில் இருந்தபடி எழுதினார். கொள்ளை 512 யானைகள், 5,000 குதிரைகள், 500 மணங்கு மணிகள் என்பது அவர் கணக்கு. அவருடைய நண்பரும் வரலாற்றாசிரியருமான ஜியாவுதீன் பரனி 612 யானைகள், 20,000 குதிரைகள் என்கிறார். அந்நூலின் நடையும் விந்தையானது: ஒரு பத்தி முழுவதும் நீரோடு தொடர்புடைய சொற்களாலேயே, அடுத்தது நெருப்பால், இன்னொன்று சதுரங்கக் காய்களால் என்று உவமைகள் கோத்து எழுதியிருக்கிறார். எரிந்தது கோயில், அவருக்குக் கிடைத்தது சொல் விளையாட்டுக்கு ஒரு பொருள். இதை மழுப்பத் தேவையில்லை.

ஏழே ஆண்டுகள் கழித்து எழுதிய 'நூ சிபிஹரில்' இன்னொரு குரல் கேட்கிறது. இந்தியாவின் மேன்மைக்குக் காரணங்களை அடுக்கும் அவர், எண்களும் சதுரங்கமும் பஞ்சதந்திரக் கதைகளும் இங்கிருந்து போனவை என்கிறார். கிழிந்த ஒரு போர்வையே இந்நாட்டு உழவனுக்குக் குளிர்காலத்தைக் கடக்கப் போதும் என்று குராசானியரிடம் பெருமை பேசுகிறார். இந்நாட்டில் பேசப்படும் மொழிகளின் பட்டியலில் சிந்தி, காஷ்மீரி, தெலுங்கு, குஜராத்தி, வங்கம் ஆகியவற்றோடு 'மாபாரி' என்று தமிழையும் வைக்கிறார். துவாரசமுத்திரத்து மொழி என்று கன்னடமும் தனியே வருகிறது.

சித்தூர் பத்மினியைப் பற்றி அவர் ஏதும் சொல்கிறாரா?

1303-இல் சித்தூர் முற்றுகையின்போது அவர் சுல்தானோடு இருந்தார். அதைப் பற்றி எழுதவும் செய்தார். அலாவுதீன் விரும்பிப் படையெடுத்ததாகக் கதையில் வரும் சித்தூர் அரசி பத்மினியின் பெயர் அதில் இல்லை. அந்தக் கதையை இன்று நாம் அறிந்த வடிவில் பாடியவர் மாலிக் முகம்மது ஜாயசி; ஆண்டு 1540.

அவர் எப்படி மறைந்தார்? அடக்கத்தலம் எங்கே?

1325 ஏப்ரலில் நிஜாமுதீன் காலமானபோது குஸ்ரு வங்காளத்தில் இருந்தார். செய்தி கேட்டுத் திரும்பியவர் கறுப்பு உடுத்தி, கையிலிருந்ததைத் தானம் செய்துவிட்டுக் குருவின் அடக்கத்தலத்தருகிலேயே தங்கினார் என்பார்கள். 'கட்டிலில் உறங்குகிறாள் பெண், முகத்தில் கூந்தல் படர்ந்திருக்கிறது. குஸ்ரு, வீட்டுக்குப் போவோம், நாலாபுறமும் இருட்டிவிட்டது' என்ற இந்தவி ஈரடியை அப்போது அவர் பாடியதாக மரபு. ஆறு மாதம் கழித்து, அக்டோபரில், அவரும் காலமானார்.

டெல்லி நிஜாமுதீன் பகுதியில் தர்கா வளாகத்துக்குள், குருவின் காலடிப் பக்கமாகச் சில அடி தூரத்தில் அவர் அடங்கியிருக்கிறார். இப்போதுள்ள கட்டடம் ஜஹாங்கீர் காலத்தில், 1605-இல் எழுந்தது. ஷாஜஹானின் மகள் ஜஹனாராவின் கல்லறையும் அதே வளாகத்தில் உண்டு. கவிஞர் காலிபின் கல்லறை சற்றுத் தள்ளி. ஷவ்வால் மாதத்தின் நடுப்பகுதியில் குஸ்ருவின் உரூஸ் என்னும் நினைவு விழா நடக்கிறது. வியாழக்கிழமை மாலைகளில் முற்றத்தில் கவ்வாலி கேட்கலாம். முதன்முறை போகிறவர்கள் நேரே குருவிடம் போய்விடக் கூடாது: சீடரிடம் முதலில் சலாம் சொல்லிவிட்டு, பிறகுதான் குருவிடம் செல்ல வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம்.